பக்கவாட்டில் மூன்று டிகிரி: வேட்டைப் படப்பிடிப்புக்கு ஒரு கேமராக் கையைத் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

அந்த மாலையின் ஒளிப்பதிவை இதுவரை நாற்பது முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். மான் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. நிற்கிறது. நாண் விடுபடும் ஓசை கேட்கிறது. அந்த நொடியில் திரையில் இருப்பவை மானின் பின்தொடையும் கொஞ்சம் புதரும்தான். அம்பு பட்ட இடம் படச்சட்டத்தின் வலது விளிம்புக்கு வெளியே போய்விட்டது.

நானும் நண்பர் ஒருவரும் வட அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டையைப் படமெடுக்கிறோம். அவர் வில்லாளி, கேமரா என் பொறுப்பு. இருவரும் ஒரே மரத்தில் இருப்போம். அவருடைய பரண் தரையிலிருந்து 18 அடி உயரத்தில். என் பரண் அதற்கு மூன்றடி மேலே, அவருடைய வலத்தோளுக்குச் சற்றுப் பின்னால். முக்காலி விரிக்க அங்கே இடமில்லை. அதனால் மரத்தண்டில் பட்டையால் இறுக்கிய ஒரு தாங்கியிலிருந்து மடக்குக் கை ஒன்று நீளும். தாங்கியோடு சேரும் இடத்தில் ஒரு தோள்மூட்டு, நடுவில் ஒரு முழங்கை மூட்டு, நுனியில் ஃப்ளூயிட் ஹெட் (கேமராவைச் சீராகத் திருப்ப உதவும் தலைப்பகுதி), அதன்மேல் கேமரா. இதுதான் கேமராக் கை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடம் தருவதில்லை. நான் எழுதுவது உரிமமும் பருவமும் வகுத்து வேட்டையை அனுமதிக்கும் நாட்டில் நடந்தது. ஆனாலும் மரத்தின் மேலிருந்து விலங்குகளையோ பறவைகளையோ படமெடுக்கும் எவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மரத்தில் கட்டிய கை எங்கேயும் ஒரே மாதிரிதான் சரிகிறது.

அன்று நடந்தது

சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. சட்டப்படி இன்னும் இருபது நிமிட வெளிச்சம் எங்களுக்கு இருந்தது. மான் 22 மீட்டரில், உடலின் பக்கவாட்டை எங்களுக்குக் காட்டியபடி நின்றது. நண்பர் வில்லை இழுத்தார். நான் குவியத்தைச் சரிசெய்வதற்காக ஹெட்டின் கைப்பிடியை ஒரு கணம் விட்டேன். அந்த ஒரு கணத்தில் கேமராக் கை தானாக இடப்பக்கம் நகரத் தொடங்கியது. பதறிப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் மூட்டு ஒரு முறை துள்ளியது. அதற்குள் அம்பு போய்விட்டது.

காம்பவுண்ட் வில்லிலிருந்து (முனைகளில் உருளைகள் பூட்டிய நவீன வில்) அம்பு நொடிக்கு ஏறக்குறைய 85 மீட்டர் வேகத்தில் போகும். 22 மீட்டரைக் கடக்கக் கால் நொடி போதும். நொடிக்கு 60 படச்சட்டம் எடுக்கும் கேமராவில் அது சுமார் 15 படச்சட்டம். அந்தப் பதினைந்தும் எங்களிடம் இல்லை.

"எங்கே பட்டது? பார்த்தீர்களா?" என்று நண்பர் கிசுகிசுத்தார். எனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்ல எனக்குச் சில நொடிகள் ஆயின.

படம் அழகாக வரவில்லை என்பது எங்கள் கவலை அல்ல. அம்பு எங்கே பட்டது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது முடிவாகும். நுரையீரலில் பட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தடம் பார்க்க இறங்கலாம். மான் பெரும்பாலும் அருகிலேயே விழுந்திருக்கும். கல்லீரல் என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரைப்பை அல்லது குடல் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அடிபட்ட மான் முதலில் கிடைத்த மறைவில் படுத்துக்கொள்ளும். தொந்தரவு செய்யாவிட்டால் அங்கேயே உயிர் விடும். அவசரப்பட்டு நெருங்கினால் எழுந்து ஓடும். பிறகு ரத்தத் தடம் மெலிந்துபோகும், விலங்கின் வேதனை நீளும். வேட்டையாடுபவர் விலங்குக்குச் செய்யக் கடமைப்பட்ட முதல் காரியம் இந்தக் காத்திருப்பைச் சரியாகக் கணிப்பது. அதற்குச் சாட்சி மூன்று: வில்லாளியின் கண், அம்பில் ஒட்டியிருப்பது, ஒளிப்பதிவு. அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், பச்சைத் துகளும் நாற்றமும் என்றால் இரைப்பை. எங்கள் அம்போ ஊடுருவிப் போய் ஓடைத் தண்ணீரில் விழுந்திருந்தது. கழுவித் துடைத்ததுபோல இருந்தது. நண்பருக்குத் தோளுக்குப் பின்னால் பட்டதாக ஒரு நினைவு, உறுதி இல்லை. ஒளிப்பதிவில் பின்தொடையும் புதரும்.

ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு இறங்கினோம். ஏறத்தாழ 120 மீட்டரில் மான் எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. அங்கேயே நிறுத்தினோம். மறுநாள் நண்பகலில்தான் கண்டுபிடித்தோம், அதற்கும் அறுநூறு மீட்டருக்கு அப்பால். நரி போன்ற காட்டு விலங்குகளான கயோட்டிகள் முந்திக்கொண்டிருந்தன. அம்பு கல்லீரலின் பின்புறத்தில் பட்டிருந்தது. அன்று இரவு முழுவதும் காத்திருந்திருந்தால் அந்த மான் முதல் படுக்கையிலேயே கிடந்திருக்கும்.

இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. குற்றம் என் கையிலா, கேமராக் கையிலா என்ற கேள்விக்கு எனக்கு நேர்மையான பதில் வேண்டியிருந்தது.

அதே மரத்துக்குத் திரும்பிப் போனோம்

அந்த வார இறுதியில் பழைய கையை அதே மரத்தில், அதே உயரத்தில் மீண்டும் கட்டினோம். கொத்தனார்கள் வைத்திருக்கும் சிறிய ரசமட்டம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மரம் பரணிலிருந்து பார்க்கும்போது நேராகத்தான் தெரிந்தது. ரசமட்டம் வேறு சொன்னது. மரம் முன்னால் நான்கு டிகிரியும் இடப்பக்கம் மூன்று டிகிரியும் சாய்ந்திருந்தது. பழைய கையின் தாங்கியில் முன்னும் பின்னும் சமன்செய்யும் திருகு ஒன்று உண்டு. பக்கவாட்டுச் சாய்வைச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அந்த மூன்று டிகிரியை நாங்கள் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்று டிகிரி என்ன செய்யும்? கேமரா, ஹெட், மைக் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 2.6 கிலோ. சுழலும் தளம் மூன்று டிகிரி சாய்ந்திருந்தால் அந்த எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு, அதாவது 136 கிராம், பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். கேமராவில் ஒரு நூலைக் கட்டி 136 கிராம் எடையை மறுமுனையில் தொங்கவிட்டதற்குச் சமம் இது. மீன்பிடி நூலும் சிறிய சுருள்வில் தராசும் கொண்டு தோள்மூட்டை அளந்தோம். நான் வழக்கமாக வைத்திருக்கும் இறுக்கத்தில், சுமார் 100 கிராம் இழுத்தாலே அது நகரத் தொடங்கியது. கேமராக் கை அன்று ஓடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இறுக்கத்தை அதிகமாக்கினால் என்ன? அதையும் செய்து பார்த்தோம். திருகை இறுக்கினால் நகராது, உண்மை. ஆனால் மானைத் தொடர்ந்து நகர்த்த வேண்டிய நேரத்தில் முதலில் அசைய மறுக்கும்; பிறகு வெடுக்கென்று ஒரு குதி குதிக்கும். நிற்கும்போதுள்ள உராய்வு, நகரும்போதுள்ள உராய்வைவிட அதிகம் என்பதால் வரும் குதி இது. தளர்த்தினால் ஓடும், இறுக்கினால் குதிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று மூன்று பருவங்களாக நம்பித் தேடிக்கொண்டிருந்தேன். தளம் மட்டமாக இல்லாதவரை அப்படி ஓர் இடமே கிடையாது. மட்டமாக இருந்தால் மூட்டை ஏறக்குறைய முழுவதும் தளர்த்தி வைக்கலாம். புவியீர்ப்புக்கு அங்கே இழுக்கத் திசை இல்லை. விரலால் தொட்டால் நகரும், விட்டால் நிற்கும்.

கேமராக் கையைப் பற்றி நான் கற்றவற்றில் மிக முக்கியமானது இதுதான். சுமைதாங்கும் திறனைத்தான் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. நல்ல கை எது என்பதைத் தீர்மானிப்பது தாங்கியை இரண்டு அச்சிலும் சமன்செய்ய முடிவதுதான்.

இன்னொரு பயனும் உண்டு. ஹெட்டில் உள்ள சிறு ரசமட்டத்தை ஓரிடத்தில் சரிசெய்துவிட்டு, கையை மரத்தின் மறுபக்கத்துக்குச் சுழற்றினால், தளம் சாய்ந்திருந்தால் அடிவானமும் சாய்ந்துவிடும். தாங்கியே மட்டமாக இருந்தால் கை எங்கே போனாலும் ஹெட் மட்டமாகவே இருக்கும்.

அரை டிகிரி எவ்வளவு பெரியது

எங்கள் லென்ஸ் அன்று ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் அளவுக்குச் சமமான நெருக்கத்தில் இருந்தது. அந்த நெருக்கத்தில் படச்சட்டத்தின் அகலம் ஐந்து டிகிரிக்குச் சற்று அதிகம். 22 மீட்டரில் அது இரண்டு மீட்டர் அகலம். ஒரு மான் நிற்கும் அளவு. அங்கே அரை டிகிரி என்பது 19 சென்டிமீட்டர். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய உயிர்நிலைப் பகுதியும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே மூட்டில் அரை டிகிரி ஆட்டம் என்றால், பார்க்க வேண்டிய இடம் முழுவதுமே ஒரு துள்ளலில் இடம் மாறிவிடும். அன்று கை ஓடியது இரண்டரை டிகிரி. 90 சென்டிமீட்டர் நீளக் கையின் நுனியில் அது நான்கு சென்டிமீட்டர் மட்டுமே. நான்கு சென்டிமீட்டர் நகர்வில் பாதி மான் காணாமல் போயிற்று.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடியபோது என் எண்ணம் ஒன்று உடைந்தது. குழாய் வளைவதால்தான் ஆடுகிறது என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 38 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் சுவர்த்தடிப்பும் கொண்ட அலுமினியக் குழாய், 90 சென்டிமீட்டர் நீளத்தில் 2.6 கிலோவைத் தாங்கினால் நுனியில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தாழும். அதுவும் தாழ்ந்த இடத்தில் அப்படியே நிற்கும்; படத்தைக் கெடுக்காது. மூட்டின் கதை வேறு. அச்சு சுழலும் உறையைப் புஷ் என்பார்கள்; 40 மில்லிமீட்டர் உயரமுள்ள புஷ்ஷில் அச்சுக்கு வெறும் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், நுனி ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் ஆடும். கோணத்தில் அது 0.4 டிகிரி. முழங்கையிலும் அதே குறை இருந்தால் இரண்டும் சேரும். இரண்டு மூன்று தாள்களின் தடிப்பே உள்ள ஓர் இடைவெளி, தடித்த குழாயின் முழு வலிமையையும் வீணாக்கிவிடுகிறது.

எஃகா, அலுமினியமா, கார்பன் இழையா என்ற விவாதத்தில் நான் இப்போது அதிகம் ஈடுபடுவதில்லை. எஃகு அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விறைப்பு, ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. எடைக்கு எடை இரண்டும் ஒன்றுதான். அதே எடையில் அலுமினியக் குழாயை இன்னும் அகலமாகச் செய்யலாம் என்பதால் அதற்கு ஒரு முன்னிலை உண்டு. கார்பன் இன்னும் எடை குறைவு. தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் அடங்கிவிடும். ஆனால் எதில் செய்தாலும் மூட்டு உலோகம்தான்.

நீளத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிராகக் குறைகிறது. 120 சென்டிமீட்டர் கை, அதே குழாயில் செய்த 90 சென்டிமீட்டர் கையைவிட 2.4 மடங்கு அதிகம் வளையும். நீளமான கையால் மரத்தைச் சுற்றி அதிக இடம் எட்டும் என்பது கடையில் நிற்கும்போது கவர்ச்சியாக இருக்கும். ஒரு பருவம் முழுவதும் என் ஒளிப்பதிவுகளைப் பார்த்தபோது முழு நீளத்துக்கும் கையை நீட்டியது இரண்டே முறை.

மூன்று கைகளை ஒப்பிட்டது

எங்களிடம் பழைய கை ஒன்று இருந்தது. வேட்டைக்குழுவில் உள்ள மற்ற இருவரிடமிருந்து இரண்டை இரவல் வாங்கினோம். தயாரித்தவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. மூன்றும் மூன்று வகைக்கு எடுத்துக்காட்டு. பழையது 1.6 கிலோ எடையுள்ள மெல்லிய அலுமினியக் கை, ஒற்றை அச்சில் மட்டும் சமன்செய்யலாம். இரண்டாவது 1.9 கிலோ கார்பன் கை. தாங்கியில் பந்துமூட்டு, எந்தப் பக்கமும் சாய்த்துச் சமன்செய்யலாம். மூன்றாவது 3.3 கிலோ, சதுர அலுமினியக் குழாய், 24 சென்டிமீட்டர் உயரத் தாங்கி, இரண்டு அச்சுக்கும் தனித்தனித் திருகு.

மரத்தில் ஏறாமல், தரையில் நின்றபடி இடுப்பு உயரத்தில் கட்டிச் சோதித்தோம். கேமராவுக்குப் பதில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். நுனியில் ஒரு லேசர் சுட்டியை ஒட்டி, பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் வரைகட்டத் தாள். அந்தத் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 17 சென்டிமீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தை இந்தச் சிவப்புப் புள்ளி மறைக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். புதிய கை வாங்க நினைக்கும் யாரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது என்பேன். அரை மணி நேரம்கூட ஆகாது.

விரலால் மெல்லத் தள்ளி விட்டால் பழைய கையின் புள்ளி 14 சென்டிமீட்டர் அலைந்தது. அதாவது 0.8 டிகிரி. கார்பன் கை எங்களை ஏமாற்றியது: ஒன்பதரை சென்டிமீட்டர். குழாய் அருமையானது, முழங்கைப் பிடிப்பு மோசமானது. மூன்றாவது, மூன்றரை சென்டிமீட்டரில் நின்றது. அதன் மூட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது அச்சு தடிமனாகவும் புஷ் உயரமாகவும் இருந்தன. மேலும் கீழும் நைலான் வளையங்கள். தேய்ந்தால் ஒரு நட்டை இறுக்கி ஆட்டத்தைப் போக்கிக்கொள்ள வழி இருந்தது. இந்த ஒரு நட்டுக்காகவே நான் அந்தக் கையை விரும்பத் தொடங்கினேன். தேயாத மூட்டு எதுவும் இல்லை. தேய்ந்ததைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

தாங்கியின் உயரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. 2.6 கிலோவை 90 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், தாங்கியின் மேல்முனை மரத்தைவிட்டுப் பிரிய முயலும், கீழ்முனை மரத்தில் அழுந்தும். தாங்கி 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் மேலே ஏறத்தாழ 23 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. 24 சென்டிமீட்டர் என்றால் பத்துக் கிலோவுக்கும் குறைவு. இழுப்பு குறைந்தால் பட்டை நழுவுவதும் மரப்பட்டை நசுங்குவதும் குறையும். குட்டையான தாங்கி காலையில் மட்டமாக இருந்து, நண்பகலில் ஒரு டிகிரி தொங்கிப்போவதை நாங்கள் இரண்டு முறை கண்டோம்.

அதில் பாதிக் குற்றம் நைலான் பட்டையுடையது. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். விடியற்காலைப் பனியில் நனைந்த பட்டை, இறுக்கிய இறுக்கத்தில் இருப்பதில்லை. பாலியஸ்டர் பட்டை மிகக் குறைவாகவே உறிஞ்சும். கையோடு வரும் பட்டை நைலானாக இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். திருகாணி அடித்துத் தாங்கியைப் பொருத்தும் வகையும் உண்டு. மரத்துக்குக் காயம், பல பொதுக்காடுகளில் தடையும் உண்டு. அதை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை.

சத்தமும் வெளிச்சமும்

ஆடாத கை சத்தமிடும் கையாக இருந்தால் பயனில்லை. வெள்ளைவால் மானின் செவி 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிக நுட்பமாகக் கேட்கும். இரும்பு இரும்போடு உரசும் 'டிங்' ஓசையின் பெரும்பகுதி விழுவது அந்த எல்லையில்தான். மூன்றாவது கை இந்த விஷயத்தில் மிக மோசம். மடக்கும்போது முழங்கை குழாயில் இடித்தது. இறுக்கும் திருகின் கைப்பிடி தளர்ந்தால் கிலுகிலுத்தது. இடிக்கும் இடங்களில் எல்லாம் துணிநாடா சுற்றினோம், கைப்பிடிக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டோம். பட்டையை இறுக்கும் பல்சக்கரமான ராட்செட்டின் 'டக் டக்' மட்டும் போகவில்லை. அதற்கு ஒரே வழி, தாங்கியைப் பகலிலேயே, வேட்டை நாளுக்கு முன்பே கட்டிவைப்பது. பொருளை மரத்தில் விட்டுவர அனுமதி இல்லாத நிலங்களில் இந்த வழியும் இல்லை. அங்கே இருட்டில் சீக்கிரமே ஏறி, சத்தம் அடங்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

குளிரில் மூட்டின் மசகு கெட்டியாகும், ஹெட்டின் இழுவையும் மாறும். முந்தைய இரவே கையை வெளியில் வைத்துவிட்டு, காலையில் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போனது அங்கே வேறொரு கருவியாக இருக்கும்.

வெளிச்சம் என்பது நான் தாமதமாகக் கற்றது. இந்த மானின் கண்ணில் இரண்டு வகைக் கூம்புச் செல்களே உண்டு. சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு நம்மைப்போல் தெரிவதில்லை. ஆனால் ஒரு வகைக் கூம்பின் உச்ச உணர்வு 450 முதல் 460 நானோமீட்டர், அதாவது நீலம். கேமராவின் திரை அந்தியில் என் முகத்தில் பாய்ச்சும் நீல ஒளி அதற்கு நன்றாகவே தெரியும். ஆகவே கையின் நுனியில் திரை எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதும் தேர்வில் சேர வேண்டும். எங்களுடையதில் மறைப்புத் துணி ஒன்று தைத்து மாட்டியிருக்கிறோம்.

நாங்கள் முடிவெடுத்தது

மூன்றாவது வகையையே வாங்கினோம், 90 சென்டிமீட்டர் நீளத்தில். நண்பர் கடைசிவரை தயங்கினார். 1.7 கிலோ கூடுதல் எடையை இருட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் சுமப்பவர் அவரும்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: "களைத்துப் போய் ஏறுகிறவர் கவனக்குறைவாகத்தான் ஏறுவார்." அதனால் வேறு இடத்தில் எடையைக் குறைத்தோம். பெரிய வெளித்திரை, அதன் மின்கலம், இரண்டாவது மைக் மூன்றையும் விட்டுவிட்டோம். கேமரா 2.6 கிலோவிலிருந்து 2.1 கிலோ ஆயிற்று. எடை குறைந்த கேமராவோடு கனமான கை, கனமான கேமராவோடு மெல்லிய கையைவிட எப்போதும் மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஏறும் முறையும் மாறியது. முதலில் முழு உடல் பாதுகாப்புக் கச்சை, மரத்தோடு கயிறு. அதன்பிறகுதான் பையைக் கயிறு கட்டி மேலே இழுப்பது. தாங்கியைக் கட்டி, இரண்டு அச்சிலும் ரசமட்டம் பார்த்து, கேமரா இல்லாத வெறுங்கையை நான்கு திசைகளில் நிறுத்தி விட்டுப் பார்ப்பேன். எங்கேயாவது ஓடினால் மீண்டும் திருகு. பிறகு கேமராவை ஏற்றுவேன், தாங்கியில் கட்டிய ஒரு சிறு கயிற்றை அதில் மாட்டிய பிறகே கேமராவிலிருந்து என் பிடியை விடுவேன்; கீழே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். எடை ஏறியதும் மீண்டும் ஒருமுறை நான்கு திசை. எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிடம் ஆகிறது. பழைய கைக்கு நான்கு நிமிடம் ஆகும்.

பழைய ஒளிப்பதிவுகளில் கண்ட இன்னொரு குற்றம் முழுவதும் என்னுடையது. நான் கேமராக் கையின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தேன். களைப்பில் அது ஒரு கைப்பிடிச் சுவர்போல ஆகிவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் படம் மேலும் கீழும் போயிற்று. இப்போது என் பரணை ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் கட்டுகிறோம், ஊன்ற எட்டாது.

மரத்தையும் வேறு கண்ணோடு தேர்ந்தெடுக்கிறோம். எவ்வளவு நல்ல கையானாலும் அது மரத்தின் ஒரு கிளைதான். தண்டு ஆடினால் அதுவும் ஆடும். அன்றைய மரம் என் உயரத்தில் 22 சென்டிமீட்டர்தான் பருமன். நண்பர் வில்லை இழுக்க எழுந்தபோதே தண்டு அசைந்தது ஒளிப்பதிவில் தெரிகிறது. இப்போது 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த மரத்தில் இருவரும் ஏறுவதில்லை. இதனால் நல்ல தடத்தை ஒட்டிய இரண்டு இடங்களை இழந்தோம். நண்பருக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. கடும் காற்றில் எந்தக் கையும் உதவவில்லை; அந்த நாட்களில் நெருக்கத்தைக் குறைத்து அகலமாக எடுக்கிறேன். முழங்கைத் திருகு ஒருமுறை கழன்று இருட்டில் இலைக்குவியலில் விழுந்தது. அதற்கும் இப்போது ஒரு நூல். நைலான் வளையங்களில் ஒன்று முதல் பருவத்திலேயே தேயத் தொடங்கிவிட்டது. நட்டை இருமுறை இறுக்கியாயிற்று.

அடுத்த பருவத்தின் மூன்றாம் வாரம், காலை 7.40க்கு ஒரு மான் 19 மீட்டரில் நின்றது. நண்பர் இழுத்தார். நான் கைப்பிடியை விட்டுக் குவியத்தைத் தொட்டேன். கை நின்ற இடத்தில் நின்றது. அம்பு பட்ட பிறகு பரணிலேயே உட்கார்ந்து படச்சட்டம் படச்சட்டமாக நகர்த்திப் பார்த்தோம். மான் கடைசி நொடியில் சற்றே திரும்பியிருந்தது. அம்பு தோளிலிருந்து ஒரு சாண் பின்னால், நடுவுயரத்தில் நுழைந்தது தெளிவாகத் தெரிந்தது. கல்லீரல் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சத்தமில்லாமல் இறங்கி, எதிர்த்திசையில் நடந்து, பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திரும்பினோம். மான் 140 மீட்டரில், முதல் படுக்கையிலேயே கிடந்தது. எழுந்து நடந்த அடையாளம் எதுவும் இல்லை. அம்பு நுழைந்த இடம், திரையில் நாங்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை மட்டுமே விலகியிருந்தது.